ஓரியன் நெபுலா: கண்ணில் சாம்பல் பச்சை, படத்தில் ரோஜா சிவப்பு. எது நிஜம்?

#1 புதுக்கண்

வணக்கம். இங்கே இது முதல் பதிவு. இடம் மாறிப் போட்டிருந்தால் நகர்த்திவிடுங்கள்.

ஆறு அங்குலத் தொலைநோக்கி வாங்கி மூன்று வாரம் ஆகிறது. போன சனிக்கிழமைதான் மேகமில்லாத வானம் கிடைத்தது. ஓரியனின் இடுப்புக்குக் கீழே தொங்கும் வாள் பக்கம் திருப்பி எம்42-ஐ, அதாவது ஓரியன் நெபுலாவைப் பிடித்தேன். நடுவில் நாலு பொடி நட்சத்திரங்கள், அவற்றைச் சுற்றி விரித்த சிறகு மாதிரி ஒரு புகை. அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் நிறம்? சாம்பல். ரொம்ப நேரம் உற்றுப் பார்த்தபின் நடுப்பகுதியில் மட்டும் லேசாகப் பச்சை தட்டுப்பட்டது. அதுவும் பிரமையோ என்று சந்தேகம்.

அப்புறம் அதே குழாயில் கேமராவை மாட்டி, முப்பது முப்பது நொடியாக நூற்றுச் சொச்சம் படம் எடுத்து அடுக்கினேன். வந்தது ரோஜா சிவப்பு. பச்சை மருந்துக்கும் இல்லை.

ஒரே இரவு, ஒரே நெபுலா. கண் பொய் சொல்கிறதா, கேமரா பொய் சொல்கிறதா?

#2 சந்தேகப்பிராணி

இரண்டும் இல்லை, மென்பொருள் பொய் சொல்கிறது. பெரிய தொலைநோக்கிகளின் படங்கள் எல்லாமே கறுப்பு வெள்ளையில் எடுத்து, பிறகு உட்கார்ந்து வர்ணம் தீட்டியவை. நீங்கள் கண்ணால் பார்த்த சாம்பல்தான் அசல்.

#3 எட்டங்குலம்

புதுக்கண் தம்பி, முதலில் ஒரு பாராட்டு. மூன்றே வாரத்தில் எம்42-இல் பச்சையைப் பார்த்துவிட்டீர்கள். அது பிரமை இல்லை. பல பேர் வருஷக்கணக்கில் பார்த்தும் "சாம்பல்" என்று எழுதிவிட்டுப் போகிறார்கள்.

சந்தேகப்பிராணி சொல்வதுபோல் சாம்பல்தான் அசல் என்றால், நிலா வெளிச்சத்தில் செம்பருத்திப் பூவும் சாம்பலாகத்தான் தெரிகிறது. பூ நிறம் மாறிவிட்டதா என்ன? கண் வேறு வேலையாளிடம் பொறுப்பைக் கொடுத்திருக்கிறது, அவ்வளவுதான். பகலில் வேலை செய்பவை கூம்பு செல்கள். மூன்று வகை இருப்பதால் நிறம் பிரித்துச் சொல்லும், ஆனால் நிறைய வெளிச்சம் கேட்கும். இருட்டில் குச்சி செல்கள். அவற்றில் ஒரே வகைதான். எவ்வளவு ஒளி என்று சொல்லும், என்ன நிறம் என்று சொல்லத் தெரியாது.

இந்தக் குச்சி செல்களுக்கு ஒரு ஓரவஞ்சனை உண்டு. ஒளியின் அலைநீளம் 500 நானோமீட்டர் பக்கம், அதாவது நீலப்பச்சையில், கூர்மையாக இருக்கும். 656 நானோமீட்டர் சிவப்புக்கு அவை ஏறக்குறையக் குருடு. உச்சத்தில் இருப்பதில் ஆயிரத்தில் ஒரு பங்குகூடத் தேறாது. நெபுலாவின் பிரபலமான சிவப்பு சரியாக அங்கேதான் விழுகிறது.

எம்42-இன் நடுப்பகுதி மட்டும் கூம்பு செல்களையும் கொஞ்சம் தட்டி எழுப்பும் அளவுக்குப் பிரகாசம். அந்த நிலையிலும் சிவப்பைவிடப் பச்சைக்குத்தான் கண் சீக்கிரம் மசியும். அதனால்தான் உங்களுக்குப் பச்சை முதலில் வந்தது.

#4 புதுக்கண்

நன்றி ஐயா. அப்படியென்றால் இன்னும் பெரிய தொலைநோக்கியில் சிவப்பும் தெரியுமா? இன்னும் ஒரு படி மேலே போய், ஒரு விண்கலத்தில் ஏறி நெபுலாவுக்குப் பக்கத்திலேயே போய்விட்டால்?

#5 எட்டங்குலம்

விண்கலக் கேள்விக்கு முதலில் பதில்: போய் ஏமாந்து திரும்புவீர்கள்.

ஒரு சுவரை நூறடி தள்ளி நின்று பாருங்கள், பிறகு பத்தடியில் நின்று பாருங்கள். பெரிதாகத் தெரியும், ஆனால் சுவரின் வெளுப்பு கூடாது. நெபுலா மாதிரிப் பரந்து கிடக்கும் பொருளுக்கும் அதே கணக்கு. கிட்டப் போகப் போக வருகிற ஒளி கூடும். அதே அளவுக்கு அது அடைத்துக்கொள்ளும் வானமும் கூடும். ஒரு சதுர அங்குலத்துக்கு எவ்வளவு என்று பார்த்தால் மாற்றமே இல்லை. எம்42-க்குள்ளேயே போய் நின்றாலும், வானம் முழுக்க மங்கலான ஒரு பூச்சுதான் இருக்கும். பக்கத்தில் நிற்கிற அதே மங்கலான நெபுலா, அவ்வளவே.

தொலைநோக்கிக்கும் இதே விதி. எவ்வளவு பெரிய ஆடி வைத்தாலும் பரந்த பொருளின் மேற்பரப்புப் பிரகாசத்தை வெறுங்கண்ணில் தெரிவதற்கு மேல் ஏற்ற முடியாது. பெரிய ஆடி செய்கிற உதவி வேறு: அதே பிரகாசத்தைக் குறைக்காமல் படத்தைப் பெரிதாக்கித் தரும். மங்கல் ஒளி பெரிய பரப்பில் விழுந்தால் கண்ணுக்குப் பிடிபடுவது சுலபம். பதினாறு அங்குலம், இருபது அங்குலம் வைத்திருப்பவர்கள் எம்42-இன் ஓரங்களில் செங்கல் நிறச் சாயல் பார்த்ததாகச் சொல்வதுண்டு. என் எட்டில் எனக்கு ஒருநாளும் தெரிந்ததில்லை.

#6 பட்டகம்

கண்ணைப் பற்றி அண்ணன் சொல்லிவிட்டார். நான் நெபுலா பக்கம் போகிறேன். சந்தேகப்பிராணி கேட்காத ஒரு கேள்வி: நெபுலாவிலிருந்து நிஜத்தில் என்ன ஒளி கிளம்புகிறது? கண்ணையும் வேண்டாம், கேமராவையும் வேண்டாம் என்று தள்ளிவிட்டு, ஒளியைப் பட்டகத்தால் நிறம் நிறமாகப் பிரிக்கும் நிறமாலைமானியில் போட்டால் என்ன வரும்?

இதை முதலில் செய்தவர் வில்லியம் ஹக்கின்ஸ். 1864 ஆகஸ்ட் 29 இரவு, டிராக்கோ தொகுதியில் இருக்கும் பூனைக்கண் நெபுலா (என்ஜிசி 6543) பக்கம் தன் எட்டு அங்குலத் தொலைநோக்கியைத் திருப்பினார். (ஆம், எட்டு அங்குலம்தான். அண்ணன் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ளலாம்.) நட்சத்திரம் மாதிரி ஒரு வானவில் பட்டை வரும் என்று எதிர்பார்த்த இடத்தில் ஒரே ஒரு பச்சைக் கோடு. பட்டகம் இடம் பெயர்ந்துவிட்டதோ என்றுதான் முதலில் நினைத்தாராம். பிறகு அதன் பக்கத்தில் இன்னும் இரண்டு மங்கலான கோடுகள். தொடர்ச்சியான பட்டை வராமல் தனித்தனிக் கோடுகள் வந்தால், ஒளி விடுவது அடர்த்தி குறைந்த வாயு என்று பொருள். நெபுலாக்கள் எல்லாம் கண்ணுக்குப் பிரிபடாத நட்சத்திரக் கூட்டங்களா, வாயுவா என்று நெடுங்காலம் நடந்த சண்டையில், அந்த ஒரு நெபுலாவுக்காவது அன்றைக்கே தீர்ப்பு வந்துவிட்டது.

மூன்றில் ஒரு கோடு ஹைட்ரஜனுடையது. பிரகாசமான பச்சைக் கோடு மட்டும் ஆய்வுக்கூடத்தில் யாருக்கும் கிடைக்காத அலைநீளம். சூரியனில் புதுக்கோடு பார்த்து ஹீலியம் என்று பெயர் வைத்தார்கள், பின்னால் பூமியிலும் அது கிடைத்தது. அதே தைரியத்தில் இதற்கும் "நெபுலியம்" என்று ஒரு தனிமத்தையே உண்டாக்கிவிட்டார்கள். தனிம அட்டவணையில் அதற்கு இடமே இல்லை என்று தெரிந்த பிறகும் பெயர் போகவில்லை. 1927-இல்தான் அயரா போவன் முடிச்சை அவிழ்த்தார். நாம் சுவாசிக்கும் ஆக்சிஜனேதான் அது, இரண்டு எலக்ட்ரான்களை இழந்த நிலையில். 500.7 நானோமீட்டரில் ஒன்று, 495.9-இல் அதன் மூன்றில் ஒரு பங்கு பலத்தில் இன்னொன்று.

ஆய்வுக்கூடத்தில் ஏன் கிடைக்கவில்லை? சாதாரணமாகக் கிளர்ந்த எலக்ட்ரான் ஒரு நொடியின் பத்துக் கோடியில் ஒரு பங்கில் ஒளியை விட்டுவிட்டுக் கீழே இறங்கிவிடும். இந்த ஆக்சிஜன் அயனி அரை நிமிடத்துக்கும் மேல் அப்படியே உட்கார்ந்திருக்கும். அதற்குள் வேறொரு துகள் வந்து இடித்தால் ஒளி விடாமலே சக்தியைப் பறிகொடுத்துவிடும். நம் காற்றில் ஒரு கன சென்டிமீட்டருக்குச் சுமார் இரண்டரை லட்சம் கோடி கோடி மூலக்கூறுகள். எம்42-இன் அடர்த்தியான பகுதியிலேயே சில ஆயிரம் துகள்கள்தான். அங்கே இடிக்க ஆள் இல்லை. ஆற அமர உட்கார்ந்து, பச்சை ஒளியை விட்டுவிட்டு இறங்குகிறது. இவற்றைத் தடை வரிகள் என்பார்கள். முழுத் தடை இல்லை, குவாண்டம் விதிகளின்படி வழக்கமான வழியில் நடக்கக் கூடாதது, மிக அரிதாகவே நடப்பது என்பதால் வந்த பெயர்.

ஹைட்ரஜன் கதை வேறு. புதுக்கண் நடுவில் பார்த்த அந்த நாலு நட்சத்திரங்களுக்கு டிரபீசியம் என்று பெயர். அதன் பெரிய நட்சத்திரம் சுமார் 39,000 கெல்வின் சூடு. அது கொட்டுகிற புற ஊதாவில் 91.2 நானோமீட்டருக்குக் குறைவான பகுதி ஹைட்ரஜனிலிருந்து எலக்ட்ரானைப் பிய்த்து எறிந்துவிடும். சுற்றித் திரிந்த எலக்ட்ரான் எங்காவது ஒரு புரோட்டானிடம் மாட்டும், படிப்படியாக இறங்கும். மூன்றாம் படியிலிருந்து இரண்டாம் படிக்குக் குதிக்கும்போது 656.3 சிவப்பு, நான்கிலிருந்து இரண்டுக்கு 486.1 நீலம், ஐந்திலிருந்து 434 ஊதா. தூசி குறுக்கிடாவிட்டால் சிவப்பு அந்த நீலத்தைப்போல் சுமார் 2.9 மடங்கு. படங்களில் ஹைட்ரஜன் சுத்தச் சிவப்பாக வராமல் ரோஜாவாக வருவதற்கு இந்த நீலமும் ஊதாவும் கலப்பதுதான் காரணம்.

இப்போது புதுக்கண் கேட்டதற்கு வருகிறேன். எம்42-இன் நடுப்பகுதியில் ஆக்சிஜன் பச்சையும் ஹைட்ரஜன் சிவப்பும் பலத்தில் ஏறக்குறைய சமம். ஆயிரம் ஹைட்ரஜன் அணுவுக்கு ஒரு ஆக்சிஜன்கூட இல்லாத இடத்தில் இது நடக்கிறது! காரணம், அந்த ஆக்சிஜனைத் தூண்ட நட்சத்திர ஒளி நேராக வேண்டியதில்லை. சுமார் 10,000 கெல்வின் சூட்டில் ஓடித் திரிகிற எலக்ட்ரான் ஒன்று வந்து இடித்தாலே போதும். வெளிப்பக்கம் போகப் போக ஆக்சிஜனை இரண்டு எலக்ட்ரான் இழக்கச் செய்யும் அளவுக்குப் புற ஊதா மிஞ்சுவதில்லை. அங்கே சிவப்பு ஜெயிக்கிறது.

ஆகக் கண்ணும் பொய் சொல்லவில்லை, கேமராவும் சொல்லவில்லை. ஆளுக்குப் பாதி சொல்கின்றன.

#7 சந்தேகப்பிராணி

ஒப்புக்கொள்கிறேன், இது சாம்பல் இல்லை. ஆனால் ஒரு இடறல். பச்சையும் சிவப்பும் நடுவில் சமம் என்றால் கேமராவில் நடுப்பகுதியாவது பச்சை கலந்து வர வேண்டாமா? கேமராவுக்குக் குச்சி செல், கூம்பு செல் தொந்தரவு எதுவும் கிடையாதே. பச்சை எங்கே போனது?

#8 நூறு_ஃபிரேம்

நல்ல கேள்வி. நான் ஆறு வருஷமாக நெபுலா படம் எடுக்கிறேன். இந்தப் பச்சை போகிற வழியில் பல பேர் கை வைக்கிறார்கள்.

ஃபிலிம் காலத்திலிருந்தே ஆரம்பம். வண்ண ஃபிலிமில் நீல அடுக்குக்கும் பச்சை அடுக்குக்கும் நடுவே, 500 நானோமீட்டர் பக்கம், உணர்திறனில் ஒரு பள்ளம் உண்டு. ஆக்சிஜன் கோடு நேராக அந்தப் பள்ளத்தில் விழுந்தது. சிவப்பு அடுக்கு மட்டும் ஹைட்ரஜனை ஆசையாக வாங்கிக்கொண்டது. நெபுலா என்றால் சிவப்பு என்று இரண்டு தலைமுறைக்கு மனதில் பதிந்ததில் இதற்குப் பெரிய பங்கு. டேவிட் மாலின் ஆங்கிலோ ஆஸ்திரேலிய ஆய்வகத்தில் மூன்று நிற வடிகட்டிகள் வழியாகத் தனித்தனிக் கறுப்பு வெள்ளைத் தட்டுகளில் எடுத்துச் சேர்த்தார். சந்தேகப்பிராணி கவனிக்க: கறுப்பு வெள்ளையில் எடுத்துச் சேர்ப்பது ஏமாற்று இல்லை. உங்கள் கைபேசியும் அதையேதான் செய்கிறது. சென்சாருக்கு நிறம் தெரியாது. ஒவ்வொரு புள்ளியின் தலையிலும் ஒரு குட்டி வண்ணக் கண்ணாடி உட்கார்ந்திருக்கிறது, அவ்வளவுதான்.

டிஜிட்டலில் சங்கதி தலைகீழ். சாதாரண கேமராவில் சென்சாருக்கு முன்னால் இருக்கும் அகச்சிவப்புத் தடுப்பான் 656-ஐயும் சேர்த்து விழுங்கிவிடும், பெரும்பகுதி போய்விடும். அதனால்தான் சிலர் அதைக் கழற்றிவிட்டு எடுக்கிறார்கள். 500.7-க்கு அந்தச் சோதனை இல்லை. அது பச்சைப் புள்ளியிலும் நீலப் புள்ளியிலும் இரண்டிலுமே நன்றாகப் பதியும்.

அதனால் மாற்றம் செய்யாத கேமராவில் எம்42-இன் நடுப்பகுதி நியாயமாகப் பச்சை கலந்த வெளிறிய நிறத்தில் வந்திருக்க வேண்டும். புதுக்கண், ஒன்று கேட்கிறேன், தப்பாக நினைக்காதீர்கள். அடுக்கி முடித்தபின் "பச்சை நீக்கு" என்று ஒரு பொத்தான் இருந்திருக்குமே, அமுக்கினீர்களா?

#9 புதுக்கண்

ஆமாம். நான் பார்த்த செய்முறைக் காணொளியில் "விண்வெளியில் பச்சை கிடையாது, கண்ணை மூடிக்கொண்டு அமுக்குங்கள்" என்றார்கள். கண்ணை மூடிக்கொண்டே அமுக்கினேன்.

#10 நூறு_ஃபிரேம்

பிடிபட்டது! நீங்கள் மட்டும் இல்லை, நானும் முதல் இரண்டு வருஷம் அப்படித்தான்.

அந்தப் பொத்தான் என்ன செய்கிறது என்று ஒரு புள்ளியை எடுத்துப் பார்ப்போம். எம்42-இன் நடுவில் ஒரு புள்ளி, சிவப்பு 110, பச்சை 130, நீலம் 100 என்று வைத்துக்கொள்ளுங்கள். வழக்கமான முறையில், பச்சை மற்ற இரண்டின் சராசரிக்கு மேல் போகக் கூடாது என்பது விதி. 110-க்கும் 100-க்கும் சராசரி 105. பச்சை 130-லிருந்து 105-க்கு வெட்டப்படுகிறது. முடிவு 110, 105, 100. சாம்பலில் லேசாகச் செம்மை ஏறிய ஒரு புள்ளி. ஆக்சிஜன் வந்து போன தடமே இல்லை. அப்புறம் நிறச்செறிவை ஏற்றுகிறோம், மிச்சமிருக்கிற செம்மை ரோஜாவாகப் பூக்கிறது.

பொத்தானைக் கண்டுபிடித்தவர்களைக் குறை சொல்ல மாட்டேன். அதற்கு ஒரு நியாயம் இருக்கிறது. சென்சாரில் ஒவ்வொரு நாலு புள்ளிக்கும் இரண்டு பச்சை, ஒரு சிவப்பு, ஒரு நீலம். நிறச் சமநிலை சரியாகச் செய்யாத படம் முழுக்கப் பாசி படிந்த மாதிரிப் பச்சையாக இருக்கும். பச்சையாகத் தெரியும் நட்சத்திரமும் கிடையாது. ஒரு நட்சத்திரம் பச்சையில் உச்சமாக ஒளிவிட்டாலும் கூடவே சிவப்பையும் நீலத்தையும் அள்ளிக் கொட்டுவதால் வெள்ளையாகிவிடும். "பச்சை கிடையாது" என்ற பேச்சு நட்சத்திரத்துக்குச் சரி. அதை அப்படியே நெபுலாவின் தலையில் கட்டிவிட்டார்கள்.

#11 பட்டகம்

இதில் ஒரு வேடிக்கையைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. நூறு_ஃபிரேம் சொன்ன பாசிப் பச்சையில் ஒரு பகுதி கேமராவின் குற்றமே இல்லை. நிலா இல்லாத, விளக்கு இல்லாத வானமும் தானாகவே லேசாக ஒளிரும். அதில் முக்கியமான கோடு 557.7 நானோமீட்டர் பச்சை. துருவ ஒளியின் பச்சையும் அதுவே. யாருடையது தெரியுமா? நம் வளிமண்டலத்தின் உச்சியில் இருக்கும் ஆக்சிஜன் அணு. அதுவும் ஒரு தடை வரிதான்!

நம் தலைக்கு மேல் நூறு கிலோமீட்டர் வாக்கில் இருக்கும் ஆக்சிஜனின் பச்சையைத் துடைக்கப் போய், சுமார் 1,300 ஒளியாண்டு தள்ளியிருக்கும் ஆக்சிஜனின் பச்சையையும் சேர்த்துத் துடைத்துவிடுகிறோம்.

சரியான வழி, பின்னணி வானத்தின் பச்சையை அளந்து படம் முழுவதிலிருந்தும் கழிப்பது. அப்புறம் நட்சத்திரங்களை வைத்து நிறச் சமநிலை. அதற்குப் பிறகும் நெபுலாவில் பச்சை மிஞ்சினால் அது அங்கேயே இருக்கட்டும்.

#12 சந்தேகப்பிராணி

சரி, ஒரு படி இறங்கி வருகிறேன். ஆனால் ஹப்பிள் விண்வெளித் தொலைநோக்கி எடுத்த "படைப்பின் தூண்கள்" நெபுலாப் படம்? தங்க நிறத் தூண், பின்னால் நீலப்பச்சை வானம். அதை எந்தக் கண்ணும் பார்க்காது, எந்தக் கேமராவும் எடுக்காது. அதையாவது வர்ணம் தீட்டியது என்று சொல்ல அனுமதி உண்டா?

#13 நூறு_ஃபிரேம்

அனுமதி உண்டு. ஆனால் தீட்டியவர்கள் இஷ்டத்துக்குத் தீட்டவில்லை.

1995 ஏப்ரல் 1-ஆம் தேதி எடுத்த படம் அது. மூன்று குறுகிய வடிகட்டிகள்: கந்தகம் 673, ஹைட்ரஜன் 656, ஆக்சிஜன் 501 நானோமீட்டர். இதில் கந்தகமும் ஹைட்ரஜனும் இரண்டுமே சிவப்பு, நடுவில் பதினேழு நானோமீட்டர்தான் வித்தியாசம். உள்ளது உள்ளபடி நிறம் கொடுத்தால் இரண்டும் ஒன்றோடொன்று கலந்துவிடும், எங்கே கந்தகம் எங்கே ஹைட்ரஜன் என்று பிரிக்கவே முடியாது. அதனால் மூன்றையும் விலக்கி வைத்தார்கள். நீளமான அலைக்குச் சிவப்பு, நடுவில் இருப்பதற்குப் பச்சை, குட்டைக்கு நீலம். வரிசை மாறவில்லை, இடைவெளிதான் மாறியது.

சுருதி மாற்றிப் பாடுவது மாதிரி என்று வைத்துக்கொள்ளலாம். ஜேம்ஸ் வெப் விண்வெளித் தொலைநோக்கி செய்வது இன்னும் அப்பட்டமான சுருதி மாற்றம். கண்ணுக்கே எட்டாத அகச்சிவப்பை மொத்தமாக இறக்கிக்கொண்டு வந்து, நீளமான அலைக்குச் சிவப்பு, குட்டைக்கு நீலம் என்று உட்கார வைக்கிறார்கள். 2022-இல் வந்த வெப்பின் தூண்கள் படமும் ஹப்பிளுடையதும் ஒரே இடம்தான். ஆனால் வெப் படத்தில் தூசியைத் துளைத்துக்கொண்டு உள்ளே பிறக்கும் நட்சத்திரங்கள் தெரிகின்றன.

ஆனால் ஒரு குறை எனக்கும் உண்டு. ஹப்பிள் முறையில் பச்சையாக இருப்பது ஹைட்ரஜன்! நிஜத்தில் பச்சையாக இருக்கும் ஆக்சிஜன் நீலமாகிவிட்டது. அந்தப் படங்களைப் பார்த்துவிட்டு "பச்சை எல்லாம் ஆக்சிஜன்" என்று எழுதுபவர்கள் நிறைய. படத்தின் கீழே எந்தத் தனிமத்துக்கு எந்த நிறம் என்று ஒரு வரி போட்டிருப்பார்கள், அதை வெட்டிவிட்டுத்தான் எல்லோரும் பகிர்கிறார்கள். எனக்கு எரிச்சல் அதில்தான்.

#14 இரவல்_பைனாகுலர்

நடுவில் புகுந்ததற்கு மன்னிக்கவும். கார்த்திகைக் கூட்டத்தைச் சுற்றி நீலமாக ஒரு நெபுலா இருக்கிறதே, அது எந்தத் தனிமம்? வானம் நீலமாக இருப்பதும் அது நீலமாக இருப்பதும் ஒன்றா?

#15 பட்டகம்

எந்தத் தனிமமும் இல்லை. அது சொந்தமாக ஒளிவிடவே இல்லை, இரவல் ஒளி. (உங்கள் பைனாகுலர் மாதிரியே!)

1912 டிசம்பரில் வெஸ்டோ ஸ்லைஃபர் அந்த நெபுலாவின் நிறமாலையை எடுத்தார். கோடுகள் வரவில்லை. பக்கத்தில் இருக்கும் மெரோப்பே நட்சத்திரத்தின் நிறமாலை அப்படியே அச்சாக வந்தது. அதாவது தூசி, நட்சத்திரத்தின் ஒளியைச் சிதறடித்து நமக்கு அனுப்புகிறது. கார்த்திகை நட்சத்திரங்கள் ஹைட்ரஜனைப் பிய்த்து எறியும் அளவுக்குச் சூடு இல்லாதவை, ஆனால் நீலமானவை. நட்சத்திரம் சுமார் 25,000 கெல்வினைத் தாண்டினால் வாயு ஒளிரும், அதற்குக் கீழே தூசி மட்டும் பிரதிபலிக்கும். எட்வின் ஹப்பிள் 1922-இல் நட்சத்திர வகைகளை வைத்துக் காட்டியது கிட்டத்தட்ட இதைத்தான்.

வானத்தின் நீலத்தோடு ஒப்பிடுவதில் பாதி சரி. இரண்டிலும் நீலம் அதிகம் சிதறுகிறது. ஆனால் வானத்தில் சிதறடிப்பவை மூலக்கூறுகள், அலைநீளத்தைவிட மிகப் பொடி. அங்கே நீலத்துக்குக் கிடைக்கும் சலுகை மிக அதிகம். நெபுலாத் தூசி அலைநீளத்தோடு ஒப்பிடக்கூடிய அளவு, சலுகை குறைவு. கார்த்திகை நெபுலா நீலமாக இருப்பதில் விளக்கே நீலம் என்பதற்கும் பங்கு உண்டு. கேட்டை நட்சத்திரத்தைப் பாருங்கள். செம்மஞ்சள் ராட்சதன். அதைச் சுற்றியிருக்கும் தூசி படங்களில் மஞ்சளாகவே வருகிறது.

நண்டு நெபுலா இந்த இரண்டு கணக்கிலும் அடங்காது. 1054-இல் வெடிப்பு தெரிந்த ஒரு நட்சத்திரத்தின் மிச்சம். அதன் இழைகள் வாயுக் கோடுகளால் ஒளிர்கின்றன, ஆனால் நடுவில் இருக்கும் நீலப் பூச்சு காந்தப்புலத்தில் ஒளிவேகத்துக்குக் கிட்டச் சுழலும் எலக்ட்ரான்கள் விடுவது. அதற்குத் தனி இழை திறக்கலாம்.

#16 எட்டங்குலம்

பேச்சு போதும், புதுக்கண்ணுக்கு வீட்டுப்பாடம் தருகிறேன்.

எம்42-ஐ வைத்துக்கொண்டு பச்சையா இல்லையா என்று மல்லுக்கட்ட வேண்டாம். நள்ளிரவுக்கு மேல் ஹைட்ரா தொகுதி மேலே வந்ததும் என்ஜிசி 3242-ஐத் தேடுங்கள். "வியாழனின் ஆவி" என்று பட்டப்பெயர், கிட்டத்தட்ட வியாழன் அளவுக்குத் தெரிகிற தட்டு என்பதால். சாகிற நட்சத்திரம் உதறிவிட்ட வாயு, ஆக்சிஜன் கோடுதான் அங்கே ராஜா. குட்டிப் பரப்பில் அடர்த்தியான ஒளி, அதனால் கூம்பு செல்கள் எழுந்துகொள்ளும். முதலில் அறுபது மடங்கு, பிறகு நூறு, நூற்றைம்பது என்று ஏற்றிப் பாருங்கள்.

ஒரு சூட்சுமம். மங்கலான பொருளை ஓரக்கண்ணால் பார்க்க வேண்டும் என்று எல்லோரும் சொல்லியிருப்பார்கள். நிறம் பார்க்க அது உதவாது. கூம்பு செல்கள் விழித்திரையின் நடுவில்தான் நெருக்கமாக இருக்கின்றன. நேராகப் பாருங்கள்.

குதிரைத்தலை நெபுலாவையும் கேட்பீர்கள், அதற்கும் இப்போதே சொல்லிவிடுகிறேன். அது பின்னாலிருக்கும் ஹைட்ரஜன் வெளிச்சத்தை மறைக்கும் தூசி, கறுப்பு நிழல். பின்னால் இருக்கும் 656 சிவப்பு கண்ணுக்கு எட்டாததால், நாங்கள் அதே ஹைட்ரஜனின் 486.1 நீலக் கோட்டை மட்டும் விடுகிற எச்-பீட்டா வடிகட்டி போட்டுத்தான் தேடுவோம். ஆறு அங்குலத்தில் முயற்சி செய்து மனம் உடைய வேண்டாம்.

#17 மட்டுறுத்துநர்

இழையை "தொடக்கநிலை"யிலிருந்து "ஆழ்வானம்" பகுதிக்கு நகர்த்தியிருக்கிறேன். நண்டு நெபுலாவுக்குத் தனி இழை திறப்பவர்கள் இங்கே இணைப்பு கொடுக்கவும்.

#18 புதுக்கண்

பத்து நாள் மேகம். நேற்றுத்தான் திறந்தது.

என்ஜிசி 3242 கிடைக்க முக்கால் மணி நேரம் ஆனது. அறுபது மடங்கில் நட்சத்திரம் என்றே நினைத்துக் கடந்து போய்விட்டேன். இரண்டாம் தடவை வரும்போது ஒரு புள்ளி மட்டும் மற்றவற்றைப்போல் கூர்மையாக இல்லாமல் உப்பியிருந்தது. நூற்றிருபதுக்கு ஏற்றினேன். குட்டித் தட்டு. ஐயா, அது பச்சை கலந்த நீலம்! வெளிறியதுதான், ஆனால் சந்தேகத்துக்கு இடமே இல்லை. நேராகப் பார்த்தால் நிறம். பார்வையைக் கொஞ்சம் விலக்கினால் தட்டு பெரிதாகிறது, நிறம் ஓடிவிடுகிறது. திரும்ப நேராகப் பார்த்தால் தட்டு சுருங்குகிறது, நிறம் வந்து உட்காருகிறது. இதையே பத்துத் தடவை செய்துகொண்டிருந்தேன், ஒரு மாதிரி விளையாட்டாகிவிட்டது.

எம்42 படத்தையும் முதலிலிருந்து திரும்பச் செய்தேன். பின்னணியைக் கழித்தேன், நட்சத்திரங்களை வைத்துச் சமநிலை, அந்தப் பொத்தான் பக்கமே போகவில்லை. ஓரச் சிறகுகள் இப்போதும் ரோஜாதான், ஆனால் முன்பைவிட மங்கல். டிரபீசியத்தைச் சுற்றி மட்டும் சாம்பல் கலந்த பச்சை, நான் அன்றைக்கு ஆறு அங்குலத்தில் பார்த்த அதே இடத்தில்! இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து இணைத்திருக்கிறேன்.

#19 நூறு_ஃபிரேம்

அருமை. நடுப்பகுதி கொஞ்சம் வெளுத்திருக்கிறது, முப்பது நொடி அங்கே அதிகம். அடுத்த தடவை ஐந்து நொடியில் ஒரு இருபது படம் தனியாக எடுத்து நடுவுக்கு மட்டும் சேருங்கள், அந்தப் பச்சை இன்னும் தெளிவாக வரும்.

#20 சந்தேகப்பிராணி

இரண்டையும் பார்த்தேன். புதுப்படம்தான் நியாயமானது, ஒப்புக்கொள்கிறேன். கணினித் திரையில் வைக்க மட்டும் பழையதை இறக்கிக்கொண்டேன்.